பொழுது சாயுமுன் ஒரு கேள்வி

மகனே,

உன் கடிதம் நேற்று மத்தியானத் தபாலில் வந்தது. அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு நின்றவாக்கிலேயே படித்தேன். பருப்பு அடிபிடித்தது. நம் ஊர் ஆயில் மில் பங்கு பாதி விலைக்கு வந்துவிட்டது, இப்படி ஒரு சந்தர்ப்பம் இனி வராது என்று எழுதியிருக்கிறாய். மில்லுக்காரரே மதராஸுக்கு வந்து, நீ வேலை பார்க்கிற தரகர் ஆபீஸ் வாசலில் காரை நிறுத்தி, உன்னை டிபனுக்கு அழைத்துப்போனாராம். தன் கையிலிருக்கும் பங்கிலிருந்தே உனக்குத் தருவாராம். வாங்கினால் உன்னை டைரக்டர் ஆக்கி, அடுத்த பொதுக்கூட்டத்தில் மேடையில் தன் பக்கத்தில் உட்காரவைப்பாராம். அதற்குப் பனமலை ரோட்டுக் கிணற்று நிலத்தை விற்கவேண்டும், நான் கையெழுத்துப் போடவேண்டும். அடேயப்பா, எவ்வளவு சுருக்கமாக எழுதிவிட்டாய்! நான் அப்படிச் சுருக்கமாகப் பதில் எழுதப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக உட்கார்ந்து படி.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த மனுஷன் நாசமாகப் போகவேண்டும் என்று நினைக்கிறவள் நான். இதில் ஒளிவுமறைவு இல்லை. தினமும் காலையில் எதிர்வீட்டுப் பேப்பரை வாங்கி, கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போடுகிற பங்கு விலையில் மில் பெயரைத் தேடுகிறேன். நாலணா இறங்கியிருந்தால் அன்றைக்குச் சாம்பார் நன்றாக வருகிறது. ஜைனர்கள் நாம் வருஷத்தில் ஒரு நாள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு, எல்லோரையும் மன்னிக்கிறோமே, அந்த நாளில் பால்காரனிலிருந்து உன் பெரியம்மா வரைக்கும் எல்லோரையும் மன்னித்துவிடுகிறேன். அவரை மட்டும் ஓரமாக எடுத்துவைத்துவிடுகிறேன். இப்படிப்பட்டவள் பேச்சைக் கேட்டு ஒரு பங்கை எடைபோடலாமா என்று நீ கேட்பாய். நியாயமான கேள்விதான். என் கோபத்தைத் தனியாகக் கழித்துவிட்டு மிச்சம் என்ன இருக்கிறது என்று பார். மிச்சமே போதும் என்றுதான் நினைக்கிறேன்.

உன் நைனா அந்தப் பங்கை எதைப் பார்த்து வாங்கினார் என்று உனக்குத் தெரியாது. நீ அப்போது கல்லூரி விடுதியில் இருந்தாய். மில் கணக்கைப் பார்த்தா? இல்லை. இயந்திரத்தைப் பார்த்தா? அதுவும் இல்லை. கலெக்டர் ஊருக்கு வந்தபோது கச்சேரி ரோட்டில் ஒரு விருந்து நடந்தது. பேச்செல்லாம் நீண்டுபோய், இலை போட நேரமாகிவிட்டது. மில்லுக்காரர் கலெக்டருக்குப் பக்கத்து இலை. வெளியே எட்டிப் பார்த்தாராம், பொழுது சாய்ந்திருந்தது. கைகூப்பி, "மன்னிக்கணும் சார், நாங்க பொழுது சாஞ்சா வாயில பச்சத்தண்ணி கூட வெக்கறதில்லே" என்று சொல்லி இலையை விட்டு எழுந்துவிட்டார். உன் நைனா வீட்டுக்கு ஓடிவந்தார். அப்படி ஒரு பூரிப்பை அவர் முகத்தில் எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. "கலெக்டருக்காவக் கூட ஒரு வாய் வெக்கலியே அந்த ஆளு, நம்ம காசுலியா கை வெச்சிடப்போறாரு?" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பத்து ரூபாய்ப் பங்கை முப்பது ரூபாய் கொடுத்து வாங்கினார். நம் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் வாங்கினார்கள். மேலே கொடுத்த இருபது ரூபாய் மில்லுக்கு இல்லை, அந்த ஒரு எழுந்திருப்புக்கு.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்த மனுஷன் வேஷம் போடவில்லை. இன்றைக்கு வரைக்கும் இருட்டின பிறகு அவர் சாப்பிட்டதை யாரும் பார்த்ததில்லை. நானும் விசாரிக்காத இடம் இல்லை. வயிற்று விஷயத்தில் அவர் சுத்தம். வயிறு சுத்தமாக இருந்தால் கையும் சுத்தமாக இருக்கும் என்று சேர்த்து முடிச்சுப் போட்டது நாம்தான். வேறு யாராவது இருந்தால், இந்த ஆள் எண்ணெயை யாருக்கு விற்கிறார், என்ன விலைக்கு விற்கிறார் என்று கேட்டிருப்பார்கள். நாம் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்று கேட்டோம்.

எல்லையில் சண்டை வந்த பிறகு மார்க்கெட் எப்படி விழுந்தது என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை, நீ அந்த ஆபீஸிலேயே உட்கார்ந்திருக்கிறாய். எல்லாப் பங்கும் விழுந்தது, இதுவும் விழுந்தது. உன் நைனா அதற்கு முகம் சுளிக்கவில்லை. மில்லுக்குப் போகிற மல்லாட்டைக் கடலையின் விலை ஏறி இறங்குவதைப் பார்த்தே வளர்ந்தவர். மில் மட்டும் நஷ்டம் காட்டியது, டிவிடெண்ட் நின்றது. அதே வருஷம் மில்லுக்காரர் வீட்டுக்கு மாடி எழும்பியது. மில் எண்ணெயை விற்றுக்கொடுக்கிற ஏஜென்சி அவருடைய மச்சான் பெயரில் இருக்கிறது என்று உன் நைனாவுக்கு அப்போதுதான் தெரியவந்தது. விற்கிற ஒவ்வொரு டின்னுக்கும் கமிஷன். மில்லுக்கு லாபமோ நஷ்டமோ, மச்சானுக்குக் கமிஷன் உண்டு. பொதுக்கூட்டத்தில் இதைக் கேட்டே தீருவது என்று சலவை வேட்டி கட்டிக்கொண்டு போனார்.

பொதுக்கூட்டம் மில் கிடங்கில்தான் நடக்கும், சாயங்காலம் நாலு மணிக்கு. மில்லுக்காரர் பேச ஆரம்பித்தால் அரசாங்கம், மழை, சண்டை, டாக்ஸ் என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசுவார். நல்ல வருஷத்தில் அவர் மழையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாம் அவர் உழைப்பு. கெட்ட வருஷத்தில் அவரைத் தவிர மற்ற எல்லோரும் பேச்சில் வருவார்கள். அந்த வருஷமும் அப்படித்தான். அவர் முடித்ததும் உன் நைனா எழுந்து, "அண்ணா, ஒரு கேள்வி" என்றார். மில்லுக்காரர் மேற்குப் பக்க ஜன்னலைப் பார்த்தார். சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் போயிருந்தது. "பொழுது சாயுது தம்பி. எனக்காவ நீங்கள்ளாம் பட்டினி கெடக்கக் கூடாது. அடுத்த வருஷம் பேசிக்கலாம்" என்று கைகூப்பினார். முன்வரிசைப் பெரியவர்கள் அவருடைய ஒழுக்கத்தை மெச்சிக்கொண்டே எழுந்துபோனார்கள். உன் நைனா நாற்காலிகளுக்கு நடுவில் கேள்வியோடு நின்றார். பின்னாலிருந்து ஒருத்தன், "சாமி, வூட்டுக்குப் போய் சாப்புடு, கேள்வி கெட்டுப்போவாது" என்றானாம். கிடங்கே சிரித்தது. அந்தச் சிரிப்பை அவர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அடுத்த வருஷமும் போனார். அதே ஜன்னல், அதே கைகூப்பல். அதற்கடுத்த வருஷம் அவர் இல்லை. மில்லுக்காரர் அவரைக் கொன்றுவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். டைபாய்டு கொன்றது. ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவர் பஜார் வழியாகப் போவதை விட்டுவிட்டார். ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போவார். இந்த ஊரில் யாருக்கும் தலைகுனியாத மனுஷன் சுற்றுவழியில் போனதை நான் பார்த்தேன். அதற்குத்தான் நான் பழி வைத்திருக்கிறேன். பணத்துக்கு இல்லை.

பங்கெல்லாம் என் பெயருக்கு மாறியது. இந்த வருஷக் கூட்டத்துக்கு நான் போனேன். நீ அரைகுறையாகக் கேள்விப்பட்டிருப்பாய், முழுசாகச் சொல்கிறேன். போவதற்கு முன் ஒரு மாசம் தினமும் சாயங்காலம் மாடிக்குத் துணி எடுக்கப் போகிற சாக்கில் மேற்கே பார்த்தேன். உனக்கும் தெரிந்ததுதான், நமக்குத் தெரிந்தே கண்ணில் படாதது. சூரியன் ராஜகிரிக்குப் பின்னால் போனால் ஊர்மேல் நிழல் விழும், அவ்வளவுதான். கிழக்கே வயலிலெல்லாம் அப்புறமும் வெகுநேரம் வெயில் அடிக்கும். மலை மறைப்பது வேறு, பொழுது சாய்வது வேறு. வீட்டில் அவர் பஞ்சாங்கம் பார்த்துத்தான் சாப்பிடுகிறார் என்று அவர் வீட்டுச் சமையல்காரம்மாவே சொன்னாள். கூட்டத்தில் மட்டும் அவருக்கு மலைக்கணக்கு.

அன்றைக்கு மத்தியானம் உட்கார்ந்து சமைத்தேன். பச்சரிசிச் சோறு, பருப்பு, நெய், அவரைக்காய்ப் பொரியல், மிளகு ரசம், தயிர். ஒரு கேரியரில் அடுக்கினேன். தண்ணீரைத் துணியில் வடிகட்டி ஒரு செம்பில் எடுத்துக்கொண்டேன். ஒரு நுனி இலை. கிடங்கில் நான் ஒருத்திதான் பெண்பிள்ளை. வாசலில் இருந்தவன், "இன்னாம்மா, வூட்டுக்காருக்குச் சாப்பாடா?" என்றான். "சேர்மனுக்குப்பா" என்று சொல்லிவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். மில்லுக்காரர் பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். நான் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். முடித்ததும் எழுந்தேன். "அண்ணா, ஒரு கேள்வி." அவர் கண் தானாக ஜன்னலுக்குப் போனது. "பொழுது சாயுதேம்மா" என்று கையைக் கூப்பினார்.

"அண்ணா, அது மலை. பொழுது இன்னும் இருக்குது" என்றேன்.

முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து கிழக்கு வாசலுக்குப் போய் வெளியே பார்த்தார். "ஆமா, வயல்ல வெயிலு அடிக்குது" என்றார். அவர் என் பக்கம் பேசவில்லை, உண்மையை மட்டும்தான் சொன்னார். எனக்கு அது போதும். மேடைக்கு ஏறிப்போய் மேஜைமேல் இலையைப் போட்டேன், தண்ணீர் தெளித்தேன், கேரியரைத் திறந்தேன். "இன்னாம்மா இது?" என்றார் மில்லுக்காரர். "சாப்பாடுண்ணா. உங்க வெரதம் என்னால கெட வேணாம். நம்ம முறப்படி சமைச்சது, வடிகட்டுன தண்ணி. நெதானமா சாப்புடுங்க. சாப்ட்டுட்டுப் பதில் சொல்லுங்க. எங்களுக்கு அவசரமில்லே."

அவரால் சாப்பிடவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. நெய் வாசனை முன்வரிசை வரைக்கும் வந்தது. நான் உன் நைனாவின் கேள்வியை ஒரு வார்த்தை மாற்றாமல் கேட்டேன். "மில்லுக்கு நஷ்டம், எங்களுக்கு டிவிடெண்ட் இல்லே. உங்க மச்சான் ஏஜென்சிக்கு மட்டும் கமிஷன் ஏன் கொறயல?" அவர், "அது அக்ரிமெண்ட்டும்மா" என்றார். "மில்லு பக்கம் கையெழுத்து யாருது?" "என்னுதுதான்." "ஏஜென்சி பக்கம்?" பின்வரிசையிலிருந்து ஒருத்தன், "மச்சானுது!" என்று கத்தினான். நல்லா கவனி, உன் நைனாவைப் பார்த்துச் சிரித்த அதே பின்வரிசை. "அப்ப உங்க வூட்டுக் கூடத்துல, ரெண்டு பேரும் காப்பி குடிச்சிக்கினே எழுதுன அக்ரிமெண்ட்டுன்னு சொல்லுங்க" என்றேன். கிடங்கு சிரித்தது. ஐயோ, என்ன சிரிப்பு அது! அதற்கப்புறம் ஒவ்வொருத்தராக எழுந்தார்கள், ஆளுக்கொரு கேள்வி. வெளியே நிஜமாகவே பொழுது சாய்ந்தது. யாரும் எழுந்து போகவில்லை. சோறு இலையில் ஆறிப்போனது. அன்றைக்கு அந்த மனுஷன் பட்டினி. நானும் பட்டினிதான். வீட்டுக்குப் பஜார் வழியாகவே நடந்து வந்தேன், ஏரிக்கரை பக்கம் போகவில்லை. இத்தனை வயசில் எத்தனையோ விருந்து சாப்பிட்டிருக்கிறேன், அந்தப் பட்டினி மாதிரி எதுவும் ருசித்ததில்லை.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். என் கோபத்தைக் கழித்துவிட்டுப் பார்க்கச் சொன்னேன் அல்லவா, கழித்துவிட்டே பேசுகிறேன். முப்பது ரூபாய்ப் பங்கு பதினாறுக்கு வந்துவிட்டது, அதனால் மலிவு என்கிறாய். முப்பது என்பது யார் வைத்த விலை? மார்க்கெட் ஏறிக்கொண்டிருந்த ஜோரிலும், விருந்தில் ஒருவர் இலையை விட்டு எழுந்த பூரிப்பிலும் வைத்த விலை. ஆரம்பத்திலேயே தப்பான விலையில் பாதியைக் குறைத்தால் அது சரியான விலை ஆகிவிடுமா? மல்லாட்டை மூட்டையை நீ எப்படி வாங்குவாய்? மூட்டை வாயில் இருக்கிற காயைப் பார்த்தா வாங்குவாய்? கையை உள்ளே முழங்கை வரைக்கும் விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து, உடைத்துப் பார்ப்பாய். உள்ளே பருப்பில்லாத பொக்குக் காயாக இருந்தால், பாதி விலைக்குத் தருகிறேன் என்று அவன் காலில் விழுந்தாலும் வாங்கமாட்டாய். அதே கைதானே உனக்கு? மதராஸுக்குப் போனதும் கை சட்டைக்குள்ளேயே நின்றுவிட்டதா?

மார்க்கெட் விழும்போது எல்லாக் கம்பெனியும் சேர்ந்துதான் விழுகிறது. நல்லதும் விழும், பொக்கும் விழும். அப்போது விலையைப் பார்க்காதே, நடத்துகிற ஆளைப் பார். கெட்ட செய்தியை நீ கேட்பதற்கு முன் அவனே வந்து சொல்கிறானா? உனக்கு வரும்படி நின்றபோது அவனுக்கும் நின்றதா? மல்லாட்டை போட்ட குடியானவனுக்கு நாலு நடை நடக்கவைத்துப் பணம் கொடுக்கிற மில், மச்சானுக்குத் தேதி தவறாமல் கொடுக்கிறது என்றால், அந்த மில் யாருக்காக ஓடுகிறது? இதையெல்லாம் விட ஒன்று இருக்கிறது. உன் கடிதத்தில் நீயே எழுதியிருக்கிறாய், எழுதிவிட்டு நீயே படிக்கவில்லை. "அவர் தன் கைப்பங்கிலிருந்தே தருகிறார் அம்மா, தரகுகூட மிச்சம்." அடப்பாவி! விற்கிறவர் அவர்! மில்லின் அடிமூட்டை வரைக்கும் கைவிட்டுப் பார்த்த ஒரே ஆள் இந்த ஊரில் அவர்தான். அவர் பதினாறு போதும் என்று கழித்துக்கட்டுகிறதை நீ நிலத்தை விற்று வாங்கப்போகிறாயா? நல்ல காலம் வருகிறது என்று அவர் நம்பினால், இந்த விலைக்கு என்னிடம் இருப்பதையும் அல்லவா கேட்டு வாங்கியிருக்கவேண்டும்?

டைரக்டர் நாற்காலி என்றாரே, அது எதற்கு என்று யோசித்தாயா? இத்தனை வருஷமாக நீ இருக்கிறாய் என்பதே அவருக்கு நினைவில்லை. என் கேரியரைப் பார்த்த பிறகுதான் உன் ஆபீஸ் விலாசம் தெரிந்திருக்கிறது. உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டால் அம்மாக்காரி முன்வரிசையில் வாயைத் திறக்கமாட்டாள் என்று கணக்கு. என் வாயை அடைக்க என் பிள்ளையையே வைக்கிறார், அதற்கு விலையை என் நிலத்திலிருந்தே வாங்கிக்கொள்கிறார். கெட்டிக்காரர்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். சொல்லப்போனால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவ்வளவு பயந்திருக்கிறார்.

அந்தக் கிணறு உன் நைனா பாறையில் வெடி வைத்துத் தோண்டியது. ஊரெல்லாம் வறண்டபோதும் அதில் தண்ணீர் நின்றது. விலை ஏறியது இறங்கியது என்று அதைப் பற்றி எந்தப் பேப்பரும் போடுவதில்லை, வருஷா வருஷம் அது நமக்குச் சோறு போடுகிறது. நிலத்தில் பாதி என் பெயரில் இருக்கிறது. அந்தப் பாதிக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன், நீ நேரில் வந்து அழுதாலும் போடமாட்டேன். மற்றப் பாதி உன்னுடையது. அதை விற்க உனக்கு உரிமை இருக்கிறது. உன்னைத் தடுக்கமாட்டேன், ஊரைக் கூட்டமாட்டேன், பேசாமல் இருக்கமாட்டேன், சாப்பிடாமல் இருக்கமாட்டேன். நீ என் பிள்ளை. எப்போது வந்தாலும் இந்த வீட்டில் பொழுது சாய்வதற்குள் உனக்கு இலை போடுவேன்.

ஆனால் ஒன்று. என் பங்கை நான் விற்கவில்லை. அது ஒரு ரூபாய்க்கு இறங்கினாலும் விற்கமாட்டேன். முன்வரிசையில் உட்கார எனக்கு அதுதான் டிக்கெட். நீ மேடை ஏறினால் அடுத்த வருஷம் இரண்டு கேரியர் கொண்டுவருவேன். ஒன்று அவருக்கு, இன்னொன்று உனக்கு. உன்னுடையதில் நெய் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். ஜன்னல் பக்கம் பார்க்காதே, அங்கே மலைதான் இருக்கும். நல்லா சாப்பிடு, கை கழுவு. அப்புறம் உன் நைனா நின்ற இடத்தில் நின்று நான் கேட்பேன், நீ பதில் சொல்லவேண்டும்.

உன் அம்மா.